எம்ஜி எஃப், ஹைட்ராகேஸ் சஸ்பென்ஷன்: வலதுபக்கம் தணிஞ்சு நிக்குது, உயரம் எப்படிச் சரி பண்றது?

வேலந்தாவளத்தான் (பாலக்காடு மாவட்டம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க சித்தப்பா இங்கிலாந்துல இருந்து குடும்பத்தோட திரும்பி வந்தப்ப கூடவே கொண்டு வந்த வண்டி, 1998 மாடல் எம்ஜி எஃப். ரெண்டு சீட்டு, எஞ்சின் நடுவுல. ரொம்ப வருசம் தார்ப்பாய்க்குள்ளயே கிடந்துச்சு. இப்ப எஞ்சின் வேலை எல்லாம் முடிச்சு ரோட்டுக்குக் கொண்டு வந்தாச்சு.

பிரச்சினை சஸ்பென்ஷன்லதான். வலது முன்பக்கம் கண்ணுக்கே தெரியிற மாதிரி தணிஞ்சு நிக்குது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உள்பக்க பிளாஸ்டிக்ல உரசுது. கொழிஞ்சாம்பாறை ரோட்டுல வேகத்தடைக்கு வேகத்தடை அடி தட்டுது. இந்தப் பக்கம் ஒரு பட்டறையில காட்டினேன். "இதுல ஸ்பிரிங்கே இல்லையே, கழட்டிப் போட்டுட்டு நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங் மாட்டிக்கலாம்"னு சொல்றாங்க. சித்தப்பாவுக்கு அதுல மனசில்லை. எனக்கும்தான்.

எங்க இருந்து எங்க அளக்கணும், எத்தனை மில்லிமீட்டர் இருக்கணும், நம்ம ஊர்ல இதுக்குப் பம்ப் கிடைக்குமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணபதி_லேத்து (கோவை)

தம்பி, ஸ்பிரிங் இல்லைன்னு யாருங்க சொன்னது? ஸ்பிரிங் இருக்கு, அது இரும்பு இல்லை, அவ்வளவுதான். நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொரு உருண்டை. அந்த உருண்டைக்குள்ள ஒரு ரப்பர் ஜவ்வு. ஜவ்வுக்கு ஒருபக்கம் நைட்ரஜன், அடைச்சு சீல் பண்ணினது. மறுபக்கம் திரவம். சக்கரம் மேல ஏறினா அதைத் தாங்குற ஆர்ம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் திரவத்தைத் தள்ளும், திரவம் நைட்ரஜனை நசுக்கும். நசுங்கின நைட்ரஜன்தான் ஸ்பிரிங்.

வலதுபக்கம் முன்னும் பின்னும் ஒரே குழாய். இடதுபக்கமும் அப்படியே. முன்சக்கரம் மேட்டுல ஏறும்போது கொஞ்சம் திரவம் பின்பக்கத்துக்குப் போயி பின்னாடியையும் தூக்கிக் கொடுக்கும். அதனாலதான் அவ்வளவு குட்டி வண்டி முன்னும் பின்னும் ஆடாம மட்டமாப் போகுது. உங்களுக்கு வலதுபக்கம் மட்டும் தணிஞ்சிருக்குன்னா வலதுபக்கத் திரவம் எங்கயோ போயிட்டிருக்கு.

காயில் மாட்டறதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல நாலு சக்கரமும் அளந்து போடுங்க. அளவில்லாம வைத்தியம் பண்ண முடியாது.

பச்சை_எண்ணெய் (புதுச்சேரி)

பழைய சித்ரோன் வண்டிகள்ல இதே மாதிரி உருண்டைதான் இருந்துச்சு. 1955-ல வந்த டிஎஸ் மாடல்ல இருந்தே அப்படி. எங்க ஊர்ல அந்த வண்டிக்கு வேலை பார்த்தவங்க இருக்காங்க. எல்எச்எம்னு பச்சை நிற மினரல் ஆயில், அதை ஊத்தி நிரப்புங்க. உயரம் தானா வந்துடும்.

கணபதி_லேத்து (கோவை)

புதுச்சேரி நண்பரே, தயவுசெய்து அதைச் சொல்லாதீங்க. யாராச்சும் படிச்சுட்டு ஊத்திருவாங்க. சித்ரோன்ல எஞ்சின் ஓட்டுற பம்ப் இருக்கு, உயரத்தைப் பார்த்துத் திருத்துற வால்வு இருக்கு. வண்டி தன் உயரத்தைத் தானே சரி பண்ணிக்கும். ஹைட்ராகேஸ்ல அப்படி எதுவும் கிடையாது. ஒருதடவை பம்ப் அடிச்சு அடைச்சா அடைச்சதுதான். உள்ள இருக்கிற திரவமும் எண்ணெய் இல்லை. தண்ணி, ஆல்கஹால், துருப்பிடிக்காம இருக்க மருந்து. ரப்பரும் அதுக்கு ஏத்த ரப்பர். மினரல் ஆயில் பட்டா ஊதிப் போயிரும். பிரேக் ஆயிலும் வேண்டாம்.

பொள்ளாச்சி_டு_பர்மிங்காம்

என்னிடமும் ஒரு எம்ஜி எஃப் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இங்கிலாந்தில், நான் இருக்கும் இந்த ஊரில், இந்த சஸ்பென்ஷன் ஒரு தலைமுறையின் பெருமை. இதை உருவாக்கியவர் அலெக்ஸ் மௌல்டன் என்ற பொறியாளர். சிறிய சக்கரம் வைத்த மௌல்டன் சைக்கிளும் அவருடையதுதான். முதலில் ரப்பரும் திரவமும் சேர்ந்த ஹைட்ரோலாஸ்டிக், 1962-ல் மாரிஸ் 1100-இல் வந்தது. ரப்பருக்குப் பதில் நைட்ரஜன் வைத்த ஹைட்ராகேஸ் 1973-ல் ஆஸ்டின் அலெக்ரோவில். பிறகு மெட்ரோ கார், கடைசியாக 1995-ல் எம்ஜி எஃப். 2002-ல் அடுத்த மாடலான எம்ஜி டிஎஃப் வந்தபோது காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டார்கள். ஆக இந்த வரிசையின் கடைசி வண்டி உங்கள் சித்தப்பாவுடையது. காயில் மாட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

அளவு: முன்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே, சக்கர வளைவின் கீழ் விளிம்பு வரை. உங்கள் மாடலுக்கு 368 மில்லிமீட்டர். 10 கூடலாம், 10 குறையலாம். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று குறைந்தாலும், வேறு சைஸ் டயர் போட்டிருந்தாலும் தரை அளவு பொய் சொல்லும். சக்கர நடுவிலிருந்து அளந்தால் டயர் கணக்கிலேயே வராது. அளப்பதற்கு முன் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுங்கள், பானட்டை இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், உள்ளே யாரும் உட்காரக் கூடாது.

கணபதி_லேத்து (கோவை)

இதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. தரை மட்டமா இருக்கணும். நம்ம வீட்டு ஷெட்டெல்லாம் தண்ணி வடியறதுக்கு ஒருபக்கம் சரிவு வெச்சுத்தான் போட்டிருப்பாங்க. கொத்தனார்கிட்ட டியூப் லெவல் வாங்கி நாலு டயர் நிக்கிற இடத்தையும் பாருங்க. தாழ்ந்த இடத்துல பழைய டைல்ஸ் துண்டு வெச்சு மட்டம் பண்ணிட்டு அப்புறம் வண்டியை ஏத்துங்க. டியூப்ல காத்துக்குமிழ் இருந்தா தட்டி வெளியேத்திடுங்க, இல்லைன்னா அதுவே உங்களை ஏமாத்தும்.

வேலந்தாவளத்தான்

கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தே பார்த்தேனுங்க. ஷெட்டுல வலதுபக்கம் நல்ல சரிவு. டைல்ஸ் வெச்சு மட்டம் பண்ணி அளந்தது:

முன் இடது 357, முன் வலது 336. பின்பக்கமும் வலதுதான் தணிவு. அளந்தது மத்தியானம், நல்ல வெயில்.

சித்தூர்_டீச்சர் (சித்தூர், பாலக்காடு)

நான் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவள். வண்டி வேலை தெரியாது. ஆனால் "நல்ல வெயில்" என்று எழுதியதைப் பார்த்ததும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உருண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை முடிவு செய்வது வண்டியின் எடை. எடை மாறாததால் அழுத்தமும் ஏறக்குறைய மாறாது. அப்போது வெப்பம் கூடினால் வாயுவின் கன அளவுதான் கூடும், அதுவும் கெல்வின் கணக்கில் நேர் விகிதத்தில். 20 டிகிரி என்பது 293 கெல்வின், 38 டிகிரி என்பது 311. ஆக நைட்ரஜன் ஏறத்தாழ 6 சதவீதம் விரிகிறது. விரியும் வாயு திரவத்தைத் தள்ளும், திரவம் வண்டியைத் தூக்கும். இங்கிலாந்தில் எழுதிய அளவை நம் ஊர் மேமாத மதியத்தில் பிடித்தால், அதே வண்டி மார்கழிக் காலையில் நெல்லியாம்பதி மேலே நிற்கும்போது அதைவிடத் தணிந்துதான் நிற்கும். பாலக்காட்டுக் கணவாயில் கோடையில் 40 டிகிரி தொடுவதும் ஆடிக்காற்றில் குளிர்வதும் உங்களுக்கே தெரியும்.

அதனால் விடியற்காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை அளந்து, பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள்.

கணபதி_லேத்து (கோவை)

டீச்சர் சொன்னதுல ஒரு வரி ரொம்ப முக்கியமானது. அழுத்தத்தை முடிவு பண்றது எடை. இது புரியாமத்தான் பாதிப்பேர் கேஜைப் பார்த்துட்டு "400 பிஎஸ்ஐ காட்டுது, அப்ப சஸ்பென்ஷன் நல்லா இருக்கு"ன்னு முடிவு பண்ணிடறாங்க. இந்த வண்டியில சுமார் 400 பிஎஸ்ஐதான் நிக்கும். டயர்ல முன்னாடி 26, பின்னாடி 28-ன்னு பார்க்கும்போது இது எவ்வளவு பெருசுன்னு தெரியும். ஆனா வண்டி அடி முட்டாம உருண்டைங்க மேல நிக்கிற வரைக்கும் கேஜ் கிட்டத்தட்ட அதேதான் காட்டும். உள்ள நைட்ரஜன் முழுசா இருந்தாலும் சரி, பாதிதான் இருந்தாலும் சரி.

நைட்ரஜன் பாதி போயிட்டா என்ன ஆகும்? அந்த இடத்துக்குத் திரவம் வந்து உட்கார்ந்துக்கும். நீங்க பம்ப் அடிச்சு 368 கொண்டு வந்துருவீங்க. டேப் வெச்சுப் பார்த்தா அளவு சுத்தமா இருக்கும். ஓட்டினா கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடும். நசுங்கறதுக்கு வாயு இல்லையே, எப்படி மெத்துன்னு இருக்கும்? உயரம்ங்கிறது திரவத்தோட கணக்கு. மெதுவா இருக்கறதும் கட்டையா இருக்கறதும் வாயுவோட கணக்கு. ரெண்டும் வேற. பம்ப் அடிச்சா முதல் கணக்கு மட்டும்தான் நேராகும்.

அதனால தம்பி, பம்ப் அடிக்கிறதுக்கு முன்னாடி இடதுபக்கத்தை முதல்ல பாருங்க. முன் மூலையை ரெண்டு கையாலயும் நல்லா அமுக்குங்க. இறங்கணும், அதே பக்கத்துப் பின் மூலை லேசா எழும்பணும். கல்லாட்டம் நின்னா உருண்டை வயசாயிருச்சு.

வேலந்தாவளத்தான்

அண்ணா, டீச்சர், ரெண்டுபேர் சொன்னதையும் பண்ணினேன். இடது முன்பக்கம் விடியக்காலை 355, மத்தியானம் 357. வித்தியாசம் அவ்வளவுதான். அமுக்கினா இறங்குது, ஆனா ரொம்ப இறங்கலை. பின்பக்கம் எழும்பறது கண்ணுக்கு லேசாத்தான் தெரியுது. சின்னச் சின்னப் பள்ளத்துல நறுக்நறுக்குன்னு அடிக்குதுங்க, இடதுபக்கமும்தான்.

சித்தூர்_டீச்சர்

இரண்டு மில்லிமீட்டர்தானா? வாயு நிறைய இருந்தால் 6 சதவீதம் என்பது நிறைய வரும். வாயு குறைவாக இருந்தால் அதே 6 சதவீதம் கொஞ்சம்தான் வரும். ஷெட்டுக்குள் காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் அதிகம் மாறாமலும் இருந்திருக்கலாம், அதனால் இதை வைத்தே முடிவு கட்டாதீர்கள். ஆனால் அமுக்கிப் பார்த்ததும் இதுவும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

ரோட்டுக்கு_ராசா (உடுமலை)

நான் கேக்கறது ஒண்ணுதான். நம்ம ஊரு வேகத்தடைக்கு 368 எதுக்கு? ஒரேடியா 395 தூக்கி வெச்சுட்டா அடி தட்டற தொல்லையே இல்லையே.

பொள்ளாச்சி_டு_பர்மிங்காம்

தட்டாது, உண்மை. ஆனால் வேறு மூன்று தொல்லைகள் வரும். உயரம் மாறினால் முன்சக்கரங்களின் கோணம் மாறும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்க வேண்டிய தூரம் குறையும், வளைவில் பிடிப்பு போகும். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வண்டி இது, முன்பக்கம் ஏற்கெனவே லேசு. அதை இன்னும் தூக்கினால் வேகத்தில் ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி ஆகிவிடும். வேண்டுமானால் அனுமதித்த எல்லையின் மேல்பக்கமாக, 375 வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

கணபதி_லேத்து (கோவை)

சரியாச் சொன்னீங்க. வேகத்தடைக்குக் குறுக்கா ஏத்தி இறக்குங்க ராசா, அதுக்காக வண்டியோட முறையை மாத்த வேண்டாம்.

இப்ப பம்ப். இதுக்குன்னு உள்ள பம்ப் நம்ம ஊர்ல கிடைக்காது, கிடைக்கணும்னு அவசியமும் இல்லை. பிளம்பிங்காரங்க குழாய்க்குப் பிரஷர் டெஸ்ட் பண்ண வெச்சிருப்பாங்களே, கைல அடிக்கிற டெஸ்ட் பம்ப், தகரத் தொட்டியோட? அதுதான் சரியான சாமான். தண்ணிக்குன்னே செஞ்சது, 50 பார் தாங்குற மாதிரி பார்த்து வாங்குங்க. ஜாக்கி பம்பைக் கொண்டு வராதீங்க, அதுல எண்ணெய் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வால்வு. அதுல மாட்டற முனையை நான் பித்தளையில கடைஞ்சு தர்றேன்.

திரவம்: ஆல்கஹால் சேர்த்தது அந்த ஊர்க் குளிர்ல உறையாம இருக்கத்தான். நமக்கு அந்தக் கவலை இல்லை, துருதான் கவலை. அதனால ஸ்பிரிட் தேடி அலையாதீங்க. லைசென்ஸ் இல்லாம கேன்ல ஸ்பிரிட்டை வெச்சுக்கிட்டு வாளையாறு பக்கம் போனா எக்சைஸ்காரங்க விடமாட்டாங்க. நியாயம்தான், அந்த ரோட்டுல நடக்கற கடத்தல் அப்படி.

பொள்ளாச்சி_டு_பர்மிங்காம்

இங்கேயும் கொஞ்சமாக நிரப்பும்போது டிஸ்டில்டு தண்ணீரும் ரேடியேட்டர் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி கலந்துதான் பலரும் ஊற்றுகிறார்கள். கூலண்ட்டிலேயே துருத்தடுப்பு இருக்கிறது. போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கணபதி_லேத்து (கோவை)

கேட்டுக்கங்க, இது பாதுகாப்பு விசயம். கண்ணுக்குக் கண்ணாடி போடாம வால்வுல கை வைக்காதீங்க. வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க, ஸ்டாண்டு போட்டிருந்தா மட்டும் போங்க. அழுத்தம் ஒரு நொடியில போச்சுன்னா வண்டி தடால்னு உக்காந்துரும்.

பம்ப் அடிக்கும்போது ஒரே பக்கத்துல அடிச்சுத் தள்ளாதீங்க. வலதுபக்கம் கொஞ்சம், உருட்டுங்க, அமுக்குங்க, அளங்க. அப்புறம் இடதுபக்கம் கொஞ்சம். முன்னாடி குறுக்குக் கம்பி ரெண்டு பக்கத்தையும் பிணைச்சிருக்கு. ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணும் அசையும். பின்பக்கத்துக்குத் தனியா அளவு பிடிக்க முடியாது, ஒரே குழாய்தானே. முன்னாடியைச் சரி பண்ணினா பின்னாடி கூடவே வரும்.

வேலந்தாவளத்தான்

அண்ணா கடைஞ்சு கொடுத்த முனை கச்சிதமா உக்காந்துச்சு. விடியக்காலையிலயே ஆரம்பிச்சோம். சித்தப்பா கேஜைப் பார்த்துட்டு நின்னார், நான் பம்ப் அடிச்சேன். வலது 336-ல இருந்து மெதுவா ஏறுச்சு, கேஜ் முள்ளு 400 கிட்டயே நின்னுட்டிருந்துச்சு. அண்ணா சொன்ன மாதிரியே! ரெண்டு பக்கமும் 368 பிடிச்சோம்.

ஆனா ஒரு வாரம் போகலை, வலது 352-க்கு இறங்கிருச்சு. இடது அப்படியே இருக்கு. வால்வை நல்லாத் துடைச்சுட்டுப் பார்த்தேன், ஈரம் வரலை.

பொள்ளாச்சி_டு_பர்மிங்காம்

வால்வு நல்லா இருக்கிறது என்றால் குழாய்தான். உங்கள் வண்டி இந்த ஊர்ப் பனிக்காலத்தில் ஓடியது. ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு வண்டி அடியில் இருக்கும் இரும்புக் குழாயைத் தின்றுவிடும். குழாயைப் பிடித்து வைக்கும் கிளிப்புகளுக்கு அடியில் பாருங்கள், அங்கேதான் ஈரம் தங்கும்.

வேலந்தாவளத்தான்

கிளிப்புக்கு அடியிலதாங்க! கழட்டினதும் குழாய் மேல துரு பொரிப்பொரியாக் கிளம்பி நிக்குது. துணியால துடைச்சுட்டுப் பார்த்தா ஊசிமுனை அளவுக்கு ஒரு ஈரப்பொட்டு. திரும்பத் துடைச்சா திரும்ப வருது. அதே குழாய் பின்னாடி வரைக்கும் போகுது, வேற ரெண்டு இடத்துலயும் துரு இருக்கு.

ரோட்டுக்கு_ராசா (உடுமலை)

அந்த இடத்துல மட்டும் கேஸ் வெல்டிங் வெச்சு அடைச்சுருங்க, முடிஞ்சுது வேலை.

கணபதி_லேத்து (கோவை)

வேண்டவே வேண்டாம். அரிச்ச குழாய்ல வெல்டிங் வெச்சா பக்கத்துல ஓட்டை விழும். முழுக் குழாயும் மாத்தணும். முதல்ல வால்வு வழியா திரவத்தை மெதுவா வடிச்சு அழுத்தத்தை இறக்குங்க, அதுக்கப்புறம்தான் ஸ்பேனரே எடுக்கணும். பழைய குழாயை வளையாம கழட்டிக் கொண்டாங்க. சீம்லெஸ் குழாய்ல அதே வளைவு வெச்சு, முனையை அதே மாதிரி விரிச்சுத் தர்றேன்.

புதுக் குழாய் மாட்டினதும் நேரா பம்ப் அடிக்காதீங்க. உள்ள காத்து நிறைஞ்சிருக்கும். காத்து இருந்தா அதுவும் ஒரு ஸ்பிரிங்காட்டம் வேலை செய்யும், அளவு நிக்காது. கார் ஏசி மெக்கானிக்கிட்ட வேக்குவம் பம்ப் இருக்கும், அதை வால்வுல மாட்டிக் காத்தை இழுக்கணும். நடுவுல ஒரு கண்ணாடி பாட்டில் வெச்சு இழுங்க, மிச்சம் மீதி திரவம் அவரோட பம்புக்குள்ள போயிறக் கூடாது.

வேலந்தாவளத்தான்

குழாய் மாத்தியாச்சுங்க. ஏசி மெக்கானிக் முதல்ல முழிச்சார், அப்புறம் அவருக்கே ஆர்வம் வந்துருச்சு. இப்ப ரெண்டு பக்கமும் 370, இறங்கவே இல்லை. கோபாலபுரம் வழியா பொள்ளாச்சி போயிட்டு வந்தேன், டயர் உரசலை, அடி தட்டலை, வண்டி நேராப் போகுது. ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

கட்டையா இருக்கறது மட்டும் அப்படியே இருக்கு. இனி உருண்டைதானே? கோயமுத்தூர்ல நைட்ரஜன் சிலிண்டர் கிடைக்குது. உருண்டையில ஒரு ஓட்டை போட்டு வால்வு வெச்சு நிரப்பிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார்.

கணபதி_லேத்து (கோவை)

அதை என் பட்டறையில செய்ய மாட்டேன், வேற யாரையும் செய்ய விடாதீங்க. உள்ள மிச்சம் இருக்கிற நைட்ரஜனே அழுத்தத்துலதான் இருக்கு. டிரில் உள்ள இறங்கற நொடியில என்ன ஆகும்னு சொல்ல முடியாது. அதுமேல பற்றவைப்புச் சூடு பட்டா ஜவ்வு கருகிடும். ஒரு உருண்டை கெட்டா இன்னொண்ணு வாங்கக் கடையும் இல்லை.

பொள்ளாச்சி_டு_பர்மிங்காம்

புதிய உருண்டைகள் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பழைய உருண்டையில் முறையாக வாயு வால்வு பொருத்தி நைட்ரஜன் நிரப்பித் தருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் நேரில் போய் விசாரிக்கிறேன். நாலையும் சேர்த்து அனுப்புவதுதான் நல்லது. அழுத்தம் உள்ள பொருள் என்பதால் விமானத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர முடியாது, சரக்காகக் காகிதங்களோடுதான் வர வேண்டும். காயில் கிட் வாங்கும் செலவைவிடக் கூடலாம், அதை மறைக்கவில்லை.

வேலந்தாவளத்தான்

சித்தப்பாகிட்ட கேட்டேன். "அனுப்பு"ன்னு ஒரே வார்த்தைதான்.

கணபதி_லேத்து (கோவை)

நல்ல முடிவு. கழட்டும்போது ஒவ்வொரு உருண்டை மேலயும் முன் இடது, பின் வலதுன்னு பெயின்ட்ல எழுதிடுங்க, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாத்திப் போட்டா நான் பொறுப்பில்லை. குழாய் முனையெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைங்க, தூசி உள்ள போகக் கூடாது. ஆர்ம்ல இருந்து பிஸ்டனைத் தள்ளுற குண்டு மூட்டு நாலையும் துடைச்சுப் பாருங்க. கிரீஸ் இல்லாம காஞ்சிருந்தா தேஞ்சிருக்கும், தேஞ்சா அதுலயும் உயரம் குறையும். தேஞ்சதை எடுத்துட்டு வாங்க, உருண்டை திரும்பி வர்றதுக்குள்ள வேலை முடிச்சு வெச்சுரலாம்.